மான்கொம்புப் பிடி

அண்ணன் வரப்போகிறான் என்ற கடிதம் கார்த்திகை மாதத்து மழை நாளொன்றில் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் ஊரை விட்டுப் போய் ஒன்பது வருஷம். கடிதத்தில் ஆறு வரிதான். தை மாதம் லீவில் வருகிறேன், ஒரு மாதம் இருப்பேன், உன் அண்ணியும் கூட வருகிறாள், அவளுக்குக் காரம் ஆகாது, பின் அறைக்குச் சுண்ணாம்படித்து வை, மற்றவை நேரில்.

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது பயம்தான். சந்தோஷம் அதற்குப் பிறகுதான் மெல்ல வந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில், அம்மாவின் பழைய புடவைக் கிழிசலில் சுற்றி வைத்திருந்த கத்தி நினைவுக்கு வந்துவிட்டது. அதன் பிடி அப்போது ஆடிக்கொண்டிருந்தது.

அது அப்பாவின் கத்தி. அப்பா ஒரு பிரெஞ்சு அதிகாரியின் பங்களாவில் சேவகராக இருந்தார். அந்த மிசேவுக்கு, அதாவது துரைக்கு, வேட்டைப் பித்து. பனிக்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊசுட்டேரியில் வாத்து சுடப் போவார். அப்பா தோட்டாப் பையும் சாப்பாட்டுக் கூடையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். சேற்றில் இறங்கி, விழுந்த பறவையை எடுத்து வருவதும் அவர் வேலை. மிசே தன் நாட்டுக்குத் திரும்பியபோது இடுப்பிலிருந்த வேட்டைக் கத்தியைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே அது பழைய கத்திதான். மிசேயின் தகப்பனார் வைத்திருந்ததாம். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த அலகு, பித்தளைப் பூண், பழுப்பும் கறுப்புமாக வரிவரியாய் மான்கொம்புப் பிடி. அப்பா அதை எதற்கும் உபயோகிக்கவில்லை. மாதம் ஒரு தரம் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, சுவரில் ஆணியில் மாட்டி வைப்பார்.

அப்பா இறந்து இரண்டாவது மாதம் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தான். சைகோனுக்குப் போக உத்தரவு வந்தது. அம்மா முன்னமே போய்விட்டாள். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் விஷக்காய்ச்சலில் கணவர் போய், நான் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது, அண்ணனுக்கு இருபத்தைந்து. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவன் கப்பலேறும் நாளன்று காலையில் அப்பாவின் கத்தியைக் கேட்டான். ஆணி வெறுமனே இருந்தது. முதல் நாளே நான் அதை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒன்பது வருஷமும் யோசித்திருக்கிறேன். அவனுக்கு வேண்டிய பொருள் ஒன்று இந்த வீட்டில் இருந்தால் அதைத் தேடியாவது திரும்பி வருவான் என்ற எண்ணம் ஒரு காரணம். என்னைத் தனியாக விட்டுப் போகிறவனுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்ற கோபம் இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அவன் பரண் மேல் ஏறித் தேடினான். பெட்டிகளைக் கவிழ்த்தான், கிணற்றடி வரை போய்ப் பார்த்தான். நான் அடுப்பின் முன் உட்கார்ந்து அவன் வழிக்குப் புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தேன்.

"காரியத்துக்கு வந்தவங்க யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றேன்.

அவன் தேடுவதை நிறுத்தினான். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். கப்பல் துறை வரை நானும் போனேன். படகில் இறங்கிய பிறகு அவன் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், என் பக்கம் திரும்பவில்லை. தெரிந்துவிட்டது அவனுக்கு என்று நினைத்தேன்.

முதல் வருஷம் மாதம் ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருஷம் மூன்று. அதற்கப்புறம் பொங்கலுக்கு ஒன்று, அதுவும் தப்பித் தவறி. சைகோனில் சண்டை முடிந்து பட்டாளம் பிரான்சுக்குப் போனதும், அங்கேயே வந்துவிட்டேன் என்று நாலு வரி. சைகோனிலேயே கல்யாணம் செய்துகொண்டதைக்கூட வேறு ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு முறை கடிதம் தவறும்போதும் எனக்குக் காரணம் கையிலேயே இருந்தது. கத்தி. அவன் மனசில் அது உறுத்திக்கொண்டிருக்கிறது, என்னை மன்னிக்கவில்லை. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பிப்பேன். இரண்டு வரி எழுதிக் கிழித்துவிட்டு, நான் சௌக்கியம், வீடு சௌக்கியம் என்று எழுதி அனுப்புவேன்.

எனக்கு ஓர் அச்சாபீசின் பைண்டிங் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. அச்சடித்த பாரத் தாள்களை மடிப்பது, தைப்பது, அட்டை ஒட்டுவது. காலையில் போனால் சாயங்காலம் வருவேன். ஆபீசில் நாலு பெண்கள் இருந்தோம்; பேச்சுக்குக் குறைவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் வைத்த இடத்திலேயே செம்பு இருக்கும். அதை நகர்த்த ஆளில்லை. பக்கத்து வீடுகளில் தறி ஓடும் சத்தம் கேட்கும். தீபாவளிக்கு முன் இரவு பகலாக ஓடும், பண்டிகையன்று நின்றுவிடும். அந்த அமைதிதான் எனக்குத் தாங்காது. அன்றைக்கு வேண்டுமென்றே பாத்திரங்களை எல்லாம் எடுத்துப் போட்டுத் துலக்குவேன்.

பிடி ஆட ஆரம்பித்ததற்கும் நான்தான் காரணம். கொடி மாறிய அடுத்த வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. தெருத் தண்ணீர் வாசல்படி தாண்டி உள்ளே வந்தது. பின் கதவைத் திறந்தால் தோட்டத்துப் பக்கம் வடிந்துவிடும். ஆனால் கதவு ஊறிப் பிடித்துக்கொண்டது. தோளால் இடித்தேன், காலால் உதைத்தேன், அசையவில்லை. அரிசியும் விறகும் நனைந்துகொண்டிருந்தன. தெருவில் யாரையாவது கூப்பிடலாம் என்றால் எல்லோர் வீட்டிலும் அதே கதை. கடைசியில் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்து, கதவிடுக்கில் செருகி நெம்பினேன். கதவு திறந்தது, தண்ணீரும் ஓடியது. கையில் கத்தியின் பிடி மட்டும் கழன்ற பல் மாதிரி ஆடியது. அன்றைக்கு இருந்த நிலையில் துடைத்து, சுற்றி, மறுபடி பெட்டிக்குள் போட்டேன். இரண்டு வருஷம் அதைத் தொடவில்லை.

இப்போது அவன் வருகிறான். கத்தியைக் கையில் கொடுத்து, நான்தான் ஒளித்து வைத்தேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனால் ஒளித்தும் வைத்து, உடைத்தும் வைத்தேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. முதலில் பிடியைச் சரிசெய்ய வேண்டும்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கொல்லுப்பட்டறைக்கு எடுத்துப் போனேன். கொல்லர் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அலகை நகத்தால் தட்டி, இரும்பு நல்ல இரும்பு என்றார். பிடியை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கொம்பு என்னாத்துக்கும்மா? தூக்கிப் போடு. பூவரசுல ஒண்ணு போட்டுத் தர்றேன், உன் காலத்துக்கும் ஆடாது" என்றார்.

கொம்புதான் வேண்டும், அதே பிடிதான் வேண்டும் என்றேன். பழைய கொம்பு, சூடு பட்டால் வெடித்துவிடும், அதற்குத் தான் பொறுப்பேற்க முடியாது என்றார். இது யாருக்கு, எதற்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

"ஊட்ல ஆம்பள யாரும் இல்லையா?"

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நான் கத்தியை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். நேரு வீதி முழுக்க நடந்து வரும்வரை அந்தக் கேள்விக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நானே செய்தால் என்ன என்று அன்றைக்குத்தான் தோன்றியது. என் தொழிலும் பிரிந்ததை ஒட்டுவதுதானே. மறுநாள் ஆபீசில் மேஸ்திரியிடம் கேட்டு, வஜ்ஜிரப் பசைக் கட்டியில் ஒரு துண்டு வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பிடியை முறுக்கி இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அலகின் பின்னால் எலிவால் மாதிரி ஒரு கம்பி நீண்டிருந்தது. அந்த வால்தான் கொம்பின் துளைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி இருந்த பழைய கீல் பசை காய்ந்து, பொடிப்பொடியாக உதிர்ந்தது. நான் வாலின் மேல் புத்தகம் தைக்கிற நூலை நெருக்கமாகச் சுற்றினேன். வஜ்ஜிரத்தை உருக்கித் துளைக்குள் ஊற்றி, வாலைச் செருகி, இறுக்கிக் கட்டி வைத்தேன். மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்த்தால் அசையவே இல்லை. அந்த வாரம் முழுக்க எனக்கு நடையே வேறாக இருந்தது.

அடுத்த வாரம் மழை பிடித்தது. ஈரக்காற்றில் நாலாம் நாள் பிடி மறுபடி ஆடியது. வஜ்ஜிரம் காகிதத்தைப் பிடிக்கும், மரத்தைப் பிடிக்கும்; இரும்பை எங்கே பிடிக்கும்? அதற்குக் கொஞ்சம் ஈரம் பட்டாலே இளகிப்போகும். இத்தனை வருஷமாகப் பசையில் கை வைக்கிறவளுக்கு இது முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கிறவர் ஒருவர் சைக்கிளில் வருவார். அவரிடம் அரிவாளைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, கொம்புப் பிடியை எதை வைத்து ஒட்டுவார்கள் என்று கேட்டேன். அரக்கும் செங்கல் தூளும் என்றார், சக்கரத்தை மிதித்துக்கொண்டே. வாலைப் பழுக்கக் காய்ச்சக்கூடாது, அரக்கு இளகும் அளவுக்குச் சூடு போதும் என்றும் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை நான்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு, குச்சியில் ஒட்டியபடி விற்கிற அரக்கு, வாங்கினேன். அம்மியில் தட்டிப் பொடித்து, செங்கலை உரைத்துச் சலித்த தூளைக் கலந்தேன். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் கதவைத் தாழிட்டேன். தனியாக இருக்கிற பொம்பளை கத்தியைக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். கொம்பின் துளையிலிருந்த பசையையும் பழைய கீலையும் வெந்நீர் விட்டு ஊறவைத்து, புத்தகம் துளைக்கிற குத்தூசியால் சுரண்டி எடுத்தேன். கொம்பை வெயிலில் காயவைத்தேன். வாலில் இருந்த துருவைச் செங்கல் துண்டால் தேய்த்து எடுத்ததும் வெள்ளை இரும்பு தெரிந்தது.

கரியடுப்பு மூட்டினேன். அலகு சூடேறினால் பதம் போய்விடும் என்று அதற்கு ஈரத்துணி சுற்றினேன். துளை நிறைய, கவிழ்த்தாலும் கொட்டாதபடி, அரக்குப் பொடியைத் திணித்தேன். வாலை மட்டும் கரியில் காட்டிச் சூடாக்கினேன். இனிமேல்தான் சங்கடம். அலகை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொண்டால், இன்னொருவர் கொம்பை மேலிருந்து நேராக அழுத்தலாம். அரை நிமிஷ வேலை. எனக்கு இருந்ததோ இரண்டே கை. செங்கல் இரண்டை நிறுத்தி, நடுவில் அலகைத் தலைகீழாகச் சொருகி, இரண்டு பக்கமும் அம்மிக் குழவியையும் உலக்கையையும் அணைத்து வைத்தேன். கொம்பை வாலின் மேல் வைத்து அழுத்தினேன். அரக்கு உருகிப் பொங்கிப் பூண் ஓரமாக வழிந்தது. கொம்பில் சூடு பட்டு மயிர் கருகுகிற நாற்றம் வந்தது. கட்டைவிரலில் அரக்குத் துளி ஒட்டிக்கொண்டது. விரலை எடுத்தால் எல்லாம் கெட்டுப்போகும். "பிடி, பிடி, விட்றாத" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பெரிய வீட்டில் என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி கேட்டது.

ஆறியதும் பார்த்தால் பிடி கோணல். கையில் எடுத்தால் முனை இடப்பக்கம் திரும்பி நின்றது. அப்படியே விட்டிருக்கலாம், ஆடவில்லையே. ஆனால் கோணலாகக் கொடுக்க மனசு வரவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, பிடியை மட்டும் அதில் முக்கி வைத்தேன். அரக்கு இளகியது. ஈரத்துணியோடு அலகைப் பிடித்து, ஜன்னல் கம்பிக்கு நேராக வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தபடி மெல்லத் திருப்பினேன். நேரானதும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வைத்தால் சாய்ந்துவிடுமோ என்று பயம். கை மரத்துப்போகிற வரை, பிடியின் சூடு முழுவதும் போகிற வரை, ஜன்னல் முன்னால் நின்றேன். பிறகு வழிந்த அரக்கைச் சுரண்டி, கொம்புக்கும் அலகுக்கும் எண்ணெய் தடவினேன். கதவிலே ஒரு முறை குத்தி, இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. வாசல் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்; தெருவே தூங்கிக்கொண்டிருந்தது.

தை பிறந்து ஒரு வாரத்தில் அவர்கள் வந்தார்கள். கொழும்பு வரை கப்பல், அங்கிருந்து படகும் ரயிலுமாக. ஸ்டேஷனில் அண்ணனை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உடம்பு கனத்து, முன்மயிர் உதிர்ந்திருந்தது. பக்கத்தில் மெலிந்து, வெளுத்து, சின்ன உருவமாக அண்ணி நின்றாள். முறைக்குத்தான் அண்ணி; வயதில் என்னைவிட இளையவள். சைகோன்காரி. அவளுக்குத் தமிழில் இருபது வார்த்தை தெரியும். எனக்கு பிரெஞ்சில் அதுவும் தெரியாது. அவள் என் கையைப் பிடித்து, "தங்கச்சி" என்றாள். அண்ணன் சொல்லிக் கொடுத்திருந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்து அவன் கை கழுவி வந்து உட்கார்ந்ததும், துணிச் சுருளை அவன் முன்னால் வைத்துப் பிரித்தேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசிப் பானை, நான் சொன்ன பொய், மழையில் கதவை நெம்பியது, பிடி கழன்றது, ஒட்டியது. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவன் கத்தியை எடுத்துப் பார்த்தான்.

"இது அப்பாவோடதா?" என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் வேஷம் போடவில்லை. நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கௌம்புற அன்னிக்குத் தேடினியே அண்ணா. பரண் மேல ஏறி."

"தேடினேனா? இருக்கும். அன்னிக்கு எனக்கு வேற ஒண்ணும் ஞாபகம் இல்ல பாப்பா. பயந்து போயிருந்தேன். படகுல ஏறினதும் வாந்தி. நீ குடுத்த புளிச்சோத்த அப்படியே கடல்ல போட்டேன். அதுதான் ரொம்ப நாள் மனசுல இருந்துது. பாப்பா கஷ்டப்பட்டுச் செஞ்சாளேன்னு."

"அப்புறம் ஏன் எழுதல?"

கேட்டுவிட்டேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெளியே கிணற்றடியைப் பார்த்தபடி சொன்னான்.

"எழுதணும்னுதான் ஒக்காருவேன். தமிழ் வரல. நாலு வரிக்கு மேல ஓடாது. பிரெஞ்சுல எழுதினா நீ யார்கிட்டயாச்சும் எடுத்துனு போய்ப் படிக்கச் சொல்லணும். சரி, அடுத்த மாசம் எழுதலாம், எழுதலாம்னு போயிடும். வேற ஒண்ணுமில்ல."

வேற ஒண்ணுமில்ல. அதை அவன் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னான். நான் சிரித்துவிட்டு, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று கிணற்றடிக்குப் போனேன். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. இருந்தும் நாலு வாளி இறைத்தேன்.

ஒன்பது வருஷம் அவன் என்மேல் கோபமாக இருக்கிறான் என்று நினைத்திருந்தேன். கோபமாக இருப்பவன் நம்மை நினைத்துக்கொண்டிருப்பவன் அல்லவா. கடல் தாண்டி ஒருவன் மனசில் நான் முள்ளாகவாவது இருக்கிறேன் என்பது எனக்கு ஒரு துணையாக இருந்திருக்கிறது. அது போன பிறகுதான் தெரிந்தது. அவன் நல்லவன். அவனிடம் ஒரு குற்றமும் இல்லை. அவன் என்னை மறக்கவும் இல்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளி வைத்திருந்தான், அவ்வளவுதான்.

நான் திரும்பி வந்தபோது அண்ணன் பாயில் படுத்துத் தூங்கிவிட்டிருந்தான். அண்ணி கத்தியைக் கையில் வைத்திருந்தாள். நாங்கள் பேசிய எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது. பூணும் கொம்பும் சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அரக்கின் சிவப்புக் கோடு அங்கே மெல்லியதாகத் தெரியும். என்னைக் காட்டி, கத்தியைக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். நீயா செய்தாய் என்று கேட்கிறாள். நான் தலையாட்டி, கட்டைவிரலில் இருந்த தழும்பைக் காட்டினேன். அவள் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் விடவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.

கையிலிருந்த கத்தியைக் காட்டி எதுவோ சொல்லவும் பார்த்தாள். வார்த்தை கிடைக்காமல் சிரித்துவிட்டாள்.

மறுநாள் முதல் அந்தக் கத்தி சமையலறைக்கு வந்துவிட்டது. அரிவாள்மனை அவளுக்குப் பழக்கமில்லை. காலை மடக்கி அதன்மேல் உட்காரப் பயந்தாள். ஒரு பலகையைப் போட்டு, குந்தி உட்கார்ந்து, அப்பா எண்ணெய் போட்டு மாட்டி வைத்திருந்த கத்தியால் மீன் செதில் எடுத்தாள், வெங்காயம் நறுக்கினாள், இஞ்சியைத் தட்டினாள். முதல் நாள் எனக்குத் திக்கென்றது. இரண்டாம் நாள், அந்தக் கை வேகத்தை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் போய்விடுவான். நான் ஆபீசில் இரண்டு வாரம் லீவு சொல்லியிருந்தேன். காலையில் நாங்கள் இரண்டு பேரும் மீன் வாங்கப் போவோம். தேங்காய்த்திட்டிலிருந்து கூடையோடு வருகிற பெண்களிடம் அவள் செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்தி, எனக்குத் தெரியாத மொழியில் பேரம் பேசுவாள். அவர்கள் தமிழில் திட்டுவார்கள். எப்படியோ படிந்துவிடும்.

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவள் என் தோளைத் தொட்டு "தங்கச்சி" என்றாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, இன்னொரு முறை "தங்கச்சி" என்றாள். எனக்குப் புரியவில்லை. தன் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினாள்.

"என் தங்கச்சி. வடக்கு. நாலு வருசம்." கையை விரித்தாள். "லெத்ர் இல்ல."

அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவள் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கே மாட்டிக்கொண்டாள், அதிலிருந்து கடிதமே இல்லை என்று அண்ணன் பிறகு விவரமாகச் சொன்னான். ஆனால் அவள் சொன்ன அந்த ஐந்தாறு வார்த்தையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் பங்குக் கீரையையும் இழுத்து என் முறத்தில் போட்டுக்கொண்டு ஆய்ந்தேன்.

புறப்படுகிற நாளுக்கு முதல் நாள் அண்ணன் பெட்டி கட்டினான். கத்தி இங்கேயே இருக்கட்டும், நீயே வைத்துக்கொள் என்றான். அண்ணி அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் பதில் சொன்னான். அவள் மறுபடி சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"அங்க கத்தியே கெடைக்காத மாதிரி இவ இத எடுத்துனு போறேங்கறா. குடுக்கறியா பாப்பா?"

முன்பு அவனுக்குக் கொடுக்க மனசு வராத பொருளை அவளுக்குக் கொடுக்க எனக்கு ஒரு கணம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. துணியில் சுற்றி அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் அதைப் பெட்டியில் தன் துணிகளுக்கு நடுவில் வைத்தாள்.

ஸ்டேஷனில் அண்ணன் அழுதான். இனிமேல் மாதம் ஒரு கடிதம் கட்டாயம் என்றான். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து சமைத்தேன். இலை போடும்போதுதான் பார்த்தேன், மூன்று பேருக்கு வடித்திருக்கிறேன். இரவும் மறுநாள் காலையும் அதையே சாப்பிட்டேன். அந்த வாரம் முழுக்க அளவு தப்பிக்கொண்டேயிருந்தது. பின் அறையில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. அந்தப் பக்கம் போகாமல் கதவைச் சாத்தி வைத்தேன்.

அண்ணன் மாதம் ஒரு கடிதம் எழுதவில்லை. ஆனால் ஆடி மாதத்தில் ஒரு தபால் அட்டை வந்தது. எழுத்து முழுக்க பிரெஞ்சு எழுத்து. அச்சாபீசில் பிரெஞ்சு அச்செழுத்துக் கோக்கிற கம்பாசிட்டரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்துவிட்டு, இது பிரெஞ்சு இல்லையே என்றார். பிறகு எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். தங்கச்சி நல்லா இருக்கியா. நான் நல்லா இருக்கு. மீன் இருக்கு. கீரை இல்ல. கத்தி ஆடல.

அண்ணி அவளுக்குத் தெரிந்த தமிழை அவளுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதியிருந்தாள். பைண்டிங் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்ததை அவர்கள் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டார்கள்.

பதில் எழுத அந்த எழுத்துகளை நானும் கற்றுக்கொண்டேன். கம்பாசிட்டர் ஒரு தாளில் வரிசையாக அச்சடித்துக் கொடுத்தார். சாயங்காலங்களில் அதை முன்னால் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக ஒட்டி ஒட்டி எழுதினேன். அவளுக்குத் தெரிந்த வார்த்தைகளுக்குள்ளேயே நான் சொல்ல வேண்டும். மழை. மீன். வீடு. நல்லா இருக்கு. நல்லா இல்ல என்று எழுதவும் அவளிடம் வார்த்தை இருந்தது. நான் ஒரே ஒரு முறைதான் எழுதினேன், காய்ச்சலில் கிடந்தபோது. அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

வருஷத்துக்கு மூன்று நாலு அட்டை. அதற்கு மேல் இல்லை. புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கிற ஒப்பந்தம் முறைப்படி முடிந்து, வேண்டியவர்கள் பிரெஞ்சுக் குடியாகவே இருக்கலாம் என்று ஊரில் பேச்சு நடந்த வருஷம், தான் அங்கேயே இருக்கப்போவதாக அண்ணன் எழுதினான். பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. வீட்டை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தான். நான் இருக்கிறேனே என்று எழுதினேன். அவர்கள் திரும்ப வரவில்லை. பின் அறையை அந்த வருஷம்தான் திறந்து, கூட்டி, நான் வீட்டில் புத்தகம் தைக்கிற மேசையை அங்கே போட்டேன். அந்த அறையில் காலை வெளிச்சம் நன்றாக வருகிறது.